எல்லையைக் கடந்த தொட்டிகள்

நான் ஓய்வு பெற்ற அன்று கண்ணாடி போட்ட வாழ்த்து மடல் ஒன்று கொடுத்தார்கள். முப்பத்தைந்து வருஷம் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தியவனுக்கான மரியாதை. வீட்டுக்கு வந்து ஆணியடித்து மாட்டிவிட்டேன். ஒரு வாரம் கழித்து என் மனைவி துடைப்பத்தோடு அதன் முன்னால் நின்று கேட்டாள்: "இன்னாங்க இது, 'பிழைதிருந்துநர்'னு போட்டிருக்கு?" மேடையில் அதை வாங்கி, மைக்கில் சத்தமாகப் படித்துக் கைதட்டலும் வாங்கியவன் நான்தான். என் தொழில் திறமையைப் பற்றி இதற்கு மேல் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை.

அப்படியிருந்தும் போன வாரம் ஆபீஸிலிருந்து போன் வந்தது. இப்போது என் நாற்காலியில் உட்காரும் கீர்த்தனா பேசினார்.

"சார், புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்காங்க. கமெண்ட்டு போடற தானியங்கிக் கணக்குங்களை அதுவே புடிச்சிடுமாம். ஆனா மொதல்ல நாம அதுக்குக் கத்துக் குடுக்கணுமாம். நீங்க எப்படிக் கண்டுபுடிப்பீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

"ஏம்மா, மெஷினைப் புடிக்கற மெஷினுக்கு மனுஷன் பாடம் எடுக்கணுமா?"

"ஆமா சார். அதுவும் உங்கள மாதிரி மனுஷன்."

இது பாராட்டா, கிண்டலா என்று யோசித்துக்கொண்டே எழுத உட்கார்ந்துவிட்டேன். சாஃப்ட்வேர் இதைப் படித்துக் கெட்டுப்போனால் நான் பொறுப்பில்லை.

முதல் இருபத்தைந்து வருஷத்தை ஒரே மூச்சில் தாண்டிவிடலாம். திருவண்ணாமலைப் பதிப்பில் சேர்ந்தேன். சிவப்புப் பேனா கொடுத்தார்கள். ஒற்று விட்ட இடத்தில் ஒற்று வைத்தேன், ஒற்று வைத்த இடத்தில் எடுத்தேன். ஒருமுறை 'அமைச்சர் வருகை' என்பது 'அமைச்சர் வறுகடலை' என்று அச்சாகி, வறுகடலை விற்பவர் ஒருவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். பிறகு கம்ப்யூட்டரே பிழை பார்க்க ஆரம்பித்தது. என்னை வீட்டுக்கு அனுப்பினால் சங்கடம் என்று ஊர் ஓரம் வேங்கிக்காலில் மாடியில் இருந்த சின்ன அறைக்கு மாற்றினார்கள். பத்திரிகையின் சமூக ஊடகப் பக்கத்தில் செய்திகளுக்குக் கீழே வாசகர்கள் போடும் கமெண்ட்டுகளைப் பார்க்கும் பிரிவு. பிரிவு என்றால் இரண்டு பேர். ஒன்று நான். இன்னொருவர் என் மேலதிகாரி தில்ஷாத் மேடம்.

மேடத்தைப் பற்றி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும், அவசரப்பட்டால் அவருக்கே பிடிக்காது. இதே ஊரில் நாலு தலைமுறையாகப் பெட்டிக்கடைக்குப் பூட்டும் பீரோவுக்குச் சாவியும் விற்ற குடும்பம். என்னைவிடப் பத்து வயது சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. அவருக்குக் கோபம் ஜாஸ்தியாக ஆக, மரியாதையும் ஜாஸ்தியாகும். சாதாரண நாளில் "சம்பந்தம், வாங்க." கொஞ்சம் கோபம் என்றால் "சம்பந்தம் சார்." பெரிய தப்பு செய்திருந்தால் "சம்பந்தம் சார் அவர்கள்." அதற்கு மேலே ஒரு படி உண்டு என்று எனக்குத் தெரியாமலே இருந்தது.

அவர் வைத்த நடைமுறை இது. ஒரு கணக்கை நீக்குவதானால் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். ஆனால் அதற்கு முன்னால் நீள நோட்டில் பெயர், நேரம், காரணம் மூன்றையும் பேனாவால் எழுத வேண்டும். 'நீக்கல் நோட்டு' என்று அட்டையில் அவரே எழுதியிருந்தார்.

"மேடம், கம்ப்யூட்டர் காலத்துல கையால எழுதணுமா?"

"கையால எழுதினா கை வலிக்கும் சம்பந்தம். வலிச்சாதான் யோசிப்பீங்க."

வேலையின் சங்கதி என்னவென்றால், கமெண்ட்டு போடுகிறவர்கள் எல்லாரும் ஆட்கள் அல்ல. எங்கேயோ உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் முருகன், மேரி, முபாரக் என்று நூற்றுக்கணக்கான பெயரில் தானே எழுதித் தள்ளும். அதுதான் தானியங்கிக் கணக்கு. அதைக் கண்டுபிடிக்கத் தலைமை அலுவலகம் மூன்று அடையாளம் எழுதி அனுப்பியிருந்தது: ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பப் போடும், சில நாட்களில் திடீரென்று கூட்டமாக வரும், முகத்துக்குப் பதில் மலை, பூ, விளக்கு என்று ஏதாவது படம் இருக்கும்.

இதை எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததேயில்லை போலிருக்கிறது. நான் சேர்ந்த முதல் பௌர்ணமி அன்று பெட்ரோல் விலைச் செய்திக்குக் கீழே "அண்ணாமலையானுக்கு அரோகரா." மழைச் செய்திக்குக் கீழே "அண்ணாமலையானுக்கு அரோகரா." கிரிவலப் பாதையில் சாக்கடை உடைந்ததற்கும் அதே அரோகரா. ஒரே வாசகம், திடீர்க் கூட்டம், எல்லார் முகத்திலும் மலை. மூன்று அடையாளமும் கச்சிதமாகப் பொருந்தியதால் நான் உற்சாகமாக நீக்க ஆரம்பித்தேன். மதியத்துக்குள் பாதி ஊரை நீக்கிவிட்டேன். அதில் என் சொந்த மாமியாரும் ஒருவர். அன்றைக்குத்தான் முதல்முதலாக "சம்பந்தம் சார் அவர்கள்" கேட்டேன்.

அதற்கப்புறம் மேடமும் நானும் சேர்ந்து சொந்தமாக ஒரு சோதனை கண்டுபிடித்தோம். சந்தேகப்படுகிற கணக்கிடம் "சாப்டீங்களா?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான். நம்ம ஜனத்துக்கு எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "துரோகிகளைத் துடைத்தெறிய வேண்டும்!!!" என்று கொதித்த ஒருவரிடம் கேட்டேன். இரண்டு நிமிஷத்தில் பதில் வந்தது: "இன்னும் இல்ல சார். வூட்ல உப்மா." பிறகு அவர் யாரையும் துடைத்தெறியவில்லை. மெஷின்களில் பழையவை பதிலே சொல்லாது. புதியவை கொஞ்சம் படித்தவை. ஒன்று எனக்கு எழுதியது: "ஆம், நான் மதிய உணவை இனிதே உட்கொண்டேன். தாங்கள் உணவருந்தினீர்களா? மேலும் உதவி தேவையா?" அந்தத் தமிழில் ஒரு பிழை கிடையாது. எனக்கு மரியாதையே வந்துவிட்டது. எழுந்து நின்று நீக்கினேன்.

பிறகு வளைகுடாப் பக்கம் போர் மூண்டது. எந்த நாடு எந்த நாட்டை அடித்தது என்று இங்கே எழுதினால் இதற்குக் கீழேயும் சண்டை வந்துவிடும், விட்டுவிடுகிறேன். நம்ம மாவட்டத்திலிருந்து வெல்டிங் செய்ய, சாரம் கட்ட, வண்டி ஓட்ட என்று போனவர்கள் அங்கே நிறைய. அதனால் போர்ச் செய்தி போட்ட உடனே கமெண்ட்டு குவியும்.

முதல் நாளே மெஷின்கள் இரண்டு கட்சியாக இறங்கிவிட்டன. அவசரத்தில் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டு வந்திருந்தன. "எதிரியின் ஐம்பது தொட்டிகள் எல்லையைக் கடந்தன" என்று ஒன்று முழங்கியது. நான் சின்டெக்ஸ் தொட்டிகள் வரிசையாக உருண்டு போவதைக் கற்பனை செய்துகொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 'டேங்க்'கைத்தான் அப்படித் தமிழாக்கியிருக்கிறது என்று புரியவே நேரமானது. இன்னொன்று "விமான வேலைநிறுத்தத்தில் முகாம் தரைமட்டம்" என்றது, 'ஏர் ஸ்ட்ரைக்'கைத்தான் சொல்கிறது. வேலைநிறுத்தத்தில் தரைமட்டமான முகாம் உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும்.

சிரித்தேன். ஆனால் நாலாம் நாள் என் மச்சான் டீக்கடையில் கையை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்: "விமான வேலைநிறுத்தம் பண்ணிட்டாங்கப்பா! தொட்டியெல்லாம் உள்ள பூந்துடுச்சி!"

"டேய், தொட்டின்னா இன்னாடா?"

"அதெல்லாம் தெரியாது மாமா. முந்நூறு பேரு சொல்றான் இல்ல? முந்நூறு பேரும் பொய்யா சொல்லுவான்?"

"சாப்டியாடா?"

"ஊடகங்கள் மறைக்குது மாமா" என்றான். நீக்கிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். என் மனைவி வருத்தப்படுவாள், அவளுடைய தம்பி ஆயிற்றே.

அந்த வாரமே ஒரு துறைமுகத்தில் குண்டு விழுந்தது. செய்தி நிறுவனங்களுக்கே விவரம் தெரியாத நேரம். ஒரு கட்சி மெஷின்கள் போட்டன: "துறைமுகத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் அனைவரும் பலி. ஊடகங்கள் மறைக்கின்றன. பகிருங்கள்." மற்றக் கட்சி போட்டது: "துறைமுகத்தில் எதுவுமே நடக்கவில்லை. எல்லாம் நாடகம். பகிருங்கள்." மாற்றி மாற்றி, நிமிஷத்துக்கு இருபது. நிஜ மனிதர்கள் நடுவே புகுந்து ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். தெரியவில்லை என்று சொல்கிறவருக்கு அங்கே இடமேயில்லை. தெரியாது என்று எழுதினால் யார் பகிர்வார்கள்?

நான் எழுதி எழுதி நீக்கினேன். கை நிஜமாகவே வலித்தது. வலித்தால் யோசிப்பேன் என்று மேடம் சொன்னது சும்மா. வலித்தால் வேகமாக எழுதத்தான் தோன்றும். அப்போதுதான் அந்தக் கணக்கைப் பார்த்தேன். பெயர் மல்லிகா ஏழுமலை. படத்தில் மலை. ஆரம்பித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. 'அனைவரும் பலி' என்பதற்குக் கீழேயும், 'நாடகம்' என்பதற்குக் கீழேயும் ஒரே வாசகம்: "என் வீட்டுக்காரர் ஏழுமலை அந்த துறைமுகத்தில் சாரம் கட்டுகிறார். யாராவது பார்த்தீங்களா." அதோடு ஒரு போன் எண். நூறு இடத்துக்கு மேல். பத்து பதினைந்து விநாடிக்கு ஒன்று.

"சாப்டீங்களாம்மா?" என்று போட்டேன். பதிலில்லை. இன்னொரு இடத்திலும் போட்டேன். பதிலில்லை; அதே வாசகத்தின் அடுத்த பிரதிதான் வந்தது. மெஷின்கள் இப்போது கண்ணீர்க் கதைக்கும் வந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் எழுதினேன், பொத்தானை அழுத்தினேன். அவள் போட்ட அத்தனையும், அவற்றுக்கு வந்த பதில்களும் குப்பைக் கூடைக்குப் போயின.

மறுநாள் பதினோரு மணிக்கு மாடிப்படியில் ஒரு பெண் ஏறி வந்தாள். நாற்பது வயது இருக்கும்.

"இங்க கமெண்ட்டு பாக்கறவரு யாருங்க?"

"நான்தாம்மா." கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். வாசகர் யாரும் எங்களைத் தேடி வந்ததில்லை.

கைக்குட்டையில் சுற்றியிருந்த போனை எடுத்து நீட்டினாள். கணக்கை நீக்கினால் தானாகப் போகும் அறிவிப்பு அதில் இருந்தது: 'உங்கள் கணக்கு தானியங்கிக் கணக்கு எனக் கண்டறியப்பட்டு முடக்கப்பட்டது.'

"நான் அடி அண்ணாமலைல சுக்கு காபி கடை வெச்சிருக்கேங்க. பேரு மல்லிகா. தானியங்கின்னா இன்னாங்க?"

போனைத் திருப்பிக் கொடுத்தேன். "அது... ஆள் இல்லாம தானா ஓடறதும்மா."

"ஆள் இல்லாமன்னா? நான் இருக்கேனேங்க."

உள்ளேயிருந்து தில்ஷாத் மேடம் எழுந்து வந்தார். அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, என் பக்கம் திரும்பாமலேயே கையை நீட்டினார். நோட்டைக் கொடுத்தேன். பக்கத்தைத் தேடிச் சத்தமாகப் படித்தார்:

"'மல்லிகா ஏழுமலை. ஒரே வாசகம், பல முறை. கேள்விக்குப் பதில் இல்லை. இயந்திரம். சாப்பிடாது.'"

மல்லிகா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆமாங்க, மூணு நாளா எதுவும் எறங்கல. அது எப்படிங்க உங்களுக்குத் தெரிஞ்சுது?"

நிஜமாகத்தான் கேட்டாள். கிண்டலாகக் கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

மேடம் நோட்டை மூடினார். "பெரியவர் அவர்கள் தயவுசெய்து குப்பைக் கூடையைத் திறந்தருள்வீர்களா?" என்றார். மேலே ஒரு படி உண்டு என்று சொன்னேனே, அது இதுதான்.

கூடையில் எதுவும் ஏழு நாள் இருக்கும், பிறகு தானாக அழியும். திறந்தேன். மல்லிகாவின் ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் கீழே பதில்கள் வரிசையாக நின்றன. "ஆழ்ந்த இரங்கல்." "ஆழ்ந்த இரங்கல். ஓம் சாந்தி." "நாடகம் போடாதே." "ஆழ்ந்த இரங்கல்."

"இதெல்லாம் நீ பாத்தியாம்மா?" என்றார் மேடம்.

"மொத நாலைத் தொறந்து பாத்தேங்க. எல்லாம் இரங்கல்னு இருந்துச்சு. என்னமோ அவங்க போயி பாத்துட்டு வந்த மாதிரி. அதுக்கு மேல தொறக்கவே பயம். எழுதினதையே ஒட்டி ஒட்டிப் போட்டுகினு இருந்தேன். அந்த ஒரு வரி எழுதவே எனக்கு ஒரு மணி நேரம் ஆச்சு."

என்னுடைய 'சாப்டீங்களா'வும் அந்த இரங்கல்களுக்கு நடுவில் திறக்கப்படாமல் கிடந்திருக்கிறது.

நான் ஒவ்வொன்றாகப் படிக்க, மேடம் ஒரு தாளில் பென்சிலால் கோடு போட்டு எண்ணிக்கொண்டே வந்தார். இரங்கல், இரங்கல், நாடகம், இரங்கல். ஒரு மணி நேரம் ஓடியது. கடைசிப் பதிலும் முடிந்தது. அதில் என்னுடையதைத் தவிர மனுஷன் எழுதியது எதுவுமில்லை. மல்லிகா எங்கள் முதுகைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தூதரக எண்ணுக்குப் போட்டாளாம், மணி அடித்துக்கொண்டேயிருக்கிறதாம். அனுப்பிய ஏஜெண்ட் எடுப்பதில்லையாம்.

"வேற எங்கயும் இல்லையா சம்பந்தம்?" என்றார் மேடம். குரலில் மரியாதை இறங்கியிருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

"இன்னொரு பெட்டி இருக்கு மேடம்" என்றேன். சொல்லும்போதே வெட்கம் பிடுங்கியது.

அந்தப் பெட்டி என் யோசனை. என்ன இருந்தாலும் சிவப்புப் பேனாக்காரன் அல்லவா? எழுத்துப் பிழை ஜாஸ்தியாக இருக்கும் கமெண்ட்டுகள் பக்கத்தில் தெரிந்தால் பத்திரிகைக்கு அசிங்கம் என்று அதற்கு முந்தின வருஷம் நான் எழுத்து மூலமாகவே கேட்டு, அவற்றைத் தனியாகப் பிடித்துவைக்க ஏற்பாடு செய்திருந்தேன். 'தரமற்றவை' என்று பெயரும் வைத்தேன். அப்போது மேடம் கேட்டார், மனுஷங்க தப்பா எழுத மாட்டாங்களா என்று. படித்த வாசகர்கள் எழுத மாட்டார்கள் மேடம் என்றேன். அந்தப் பெட்டியை அதற்கப்புறம் நான் ஒருநாளும் திறந்ததில்லை.

திறந்தேன். மல்லிகாவுக்கு வந்த பதில் என்று அதில் இருந்தது ஒன்றே ஒன்று. இரண்டு நாள் முன்னால் வந்தது.

'க்கா நா பெர்ணமல்லூரு. ஏழ்மல அண்ண எங்க கேம்ப்லதா கீறாரு. கைல அடி. அவரு போனு உள்ள மாட்டிகிச்சி. இங்கேந்து கால் போவல, வர்து மட்டுந்தா. பயப்டாத. இந்த நெம்பருக்கு போடு.'

கீழே ஒரு எண். என் வாழ்க்கையில் இத்தனை பிழைகளை ஒரே இடத்தில் அத்தனை சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

"இன்னாங்க? இன்னா போட்டிருக்கு?" மல்லிகா எழுந்துவிட்டாள். ஆனால் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். "நீங்களே படிங்க."

படித்தேன். "அக்கா, நான் பெரணமல்லூர். ஏழுமலை அண்ணன் எங்கள் முகாமில்தான் இருக்கிறார்..."

"இன்னாங்க, அந்த இரங்கல்காரங்க மாதிரியே பேசறீங்க?" அவள் குரல் உடைந்தது. "அதுல எப்பிடி எழுதியிருக்குதோ அப்பிடியே படிங்க."

பழக்கதோஷம். வாய் தானாகத் திருத்திவிட்டிருந்தது. மூச்சை இழுத்துவிட்டு எழுத்துக்கு எழுத்து படித்தேன். "ஏழ்மல அண்ண எங்க கேம்ப்லதா கீறாரு."

"இன்னொருவாட்டி."

"கீறாரும்மா."

மேடம் ஆபீஸ் போனை அவள் பக்கம் நகர்த்தி, எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார். எடுத்தவன் பெரணமல்லூர்க்காரன். "இரு அக்கா, குடுக்கறேன்" என்று ஓடினான். காலடிச் சத்தமெல்லாம் கேட்டது. பிறகு கரகரவென்று ஒரு குரல்: "மல்லிகா?"

அவள் சட்டென்று போன் வாயைக் கையால் பொத்தினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எங்களிடம் கிசுகிசுத்தாள்: "நேத்து ஒருத்தன் இதே கொரல்ல 'மல்லிகா, நான்தான்'னு அழுதாங்க. அப்புறம் ஓடிபி சொல்லுன்னான்."

கையை எடுத்தாள். சாதாரணமாக, சந்தையில் யாரையோ பார்த்த மாதிரி பேசினாள்.

"யோவ், நம்ம ஆடு குட்டி போட்டிருக்கு. ரெண்டு. பேரு வெக்கணும், சொல்லு."

அந்தப் பக்கம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று மேடம் குனிந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த எந்த மெஷினாக இருந்தாலும் இந்நேரம் வாழ்த்துச் சொல்லி, இரண்டு அழகான பெயரும் சொல்லியிருக்கும்.

"ஆடா?" என்றது குரல். "நம்மகிட்ட ஏதுடி ஆடு?"

மல்லிகா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அப்படியே நாற்காலியில் சரிந்தாள். மேடம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கரில் குரல் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

"நான் இல்லாத நேரம் பாத்து ஆடு வாங்கிட்டியா? அந்த எடத்துல ஆடு கட்டினா காபி குடிக்க எவன்டி வருவான்? எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்? அலோ? மல்லிகா? அழறியா? சரி, அழாத. எத்தினி ஆடுடி வாங்கின?"